தனித்தனி டிக்கெட்

"ஆளும் பெட்டியும் ஒண்ணாத்தான் போகணும்னு எங்களுக்கு எதுவும் இல்ல மேடம்," என்றார் கார்கோ அலுவலகத்தில் இருந்தவர். "எடை ஜாஸ்தியாச்சுன்னா பெட்டி நாளைக்குத்தான். உங்கம்மா டிக்கெட் தனி, இது தனி."

அவளுக்கு இது புதிதில்லை. டிராவல்ஸில் உட்கார்ந்துகொண்டு இத்தனை வருஷமாக அவளே எத்தனையோ தம்பதிகளிடம் வாய் கூசாமல் சொன்னதுதான். மனைவிக்கு, மனைவி வேலை பார்க்கும் ஆபீஸில் எடுத்தது, தனக்குச் சொந்தக் காசில் எடுத்தது என்று வந்து நிற்பார்கள். ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள்தான். ஆனால் டிக்கெட் இரண்டானால் கம்ப்யூட்டருக்கு அவர்கள் யாரோ எவரோ. ஒருவருக்கு முன்னால் சொகுசு சீட் கிடைத்தால் மற்றவருக்குத் தானாக வந்துவிடாது. அவள்தான் விமான நிலையத்துக்குப் போன் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பாள். சேர்த்து வைப்பதில் கைராசிக்காரி என்று பெயர்.

சொந்த அப்பா அம்மாவிடம் மட்டும் அந்த ராசி பலிக்கவில்லை. இயந்திரம் விற்கும் கம்பெனிக்காகப் பறந்து பறந்து அப்பா சேர்த்த பாயிண்ட், ஒரு ஆளுக்குத்தான் தேறும். அதில் அவர் முன்னால் சொகுசு சீட்டுக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு மகள் எடுத்த டிக்கெட், கழிப்பறையை ஒட்டிக் கடைசி வரிசை. வழியில் ஒரு தடவை அப்பா திரையை விலக்கிக்கொண்டு பின்னால் வருவார், டிஷ்யூவில் சுற்றிய கேக்கோடு. கூடப் போன சமயங்களில் அவளே பார்த்திருக்கிறாள். அவருக்குச் சர்க்கரை, கேக் ஆகாது. தனக்கு ஆகாததைத் தாராளமாகத் தருகிறார் என்று உள்ளுக்குள் கறுவுவாள். அம்மாவிடம் கேட்டால், "அவருக்குக் கால் நீட்டணும்டி," என்று சிரிப்பாள்.

இந்த முறை மகள் வீட்டுக்கு வந்த மனிதர், முந்தாநாள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. ஊர் திரும்ப இதே விமானத்தில்தான் இருவருக்கும் போட்டிருந்தது, வழக்கம்போல் அவர் முன்னால், அம்மா பின்னால். இன்று காலை அம்மா பக்கத்தில் தனக்கு ஒன்று போட்டுக்கொண்டு, அவருடையதை அவளே ரத்து செய்தாள். பெற்ற பிள்ளை செய்கிற வேலையா இது.

"அப்பாவை விட்டுட்டு அம்மா போய் இறங்கினா, அங்க காத்திருக்கிறவங்ககிட்ட என்னன்னு சொல்லுவாங்க?" என்றாள். "ஒண்ணா வந்தவங்க சார். ஒண்ணாப் போகட்டும்."

கார்கோக்காரர் அவளுடைய நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, பார்க்கிறேன் என்றார். அந்தப் பார்க்கிறேனுக்கு என்ன அர்த்தம் என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதான்.

பயணிகள் கவுண்டரில் இருந்த மேற்பார்வையாளரை அவளுக்குக் குரலாக மட்டுமே தெரியும். எத்தனையோ ஜோடிகளுக்காக அவரிடம் மன்றாடியிருக்கிறாள். அவர் எழுந்து வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"உங்கப்பா சீட் இன்னும் காலியாத்தான் இருக்கு. அம்மாவுக்குப் போட்டுடவா?"

அம்மா கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுவாள் என்று திரும்பிப் பார்த்தாள்.

"போடுங்க தம்பி," என்றாள் அம்மா.

மகளுக்குச் சுருக்கென்றது. ஆயுசுக்கும் கிடைக்காதது இப்படியா கிடைக்கவேண்டும், அதை வாங்கிக்கொள்ளவும் எப்படி மனசு வந்தது? பைகளைத் தூக்கிக்கொண்டாள்.

ஏறும் வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. அப்பா இருக்கிற பெட்டியை இதே விமானத்தில் ஏற்றியாகிவிட்டது, பின்பக்கம் என்று கார்கோக்காரர் சொன்னார். அதை அம்மாவிடம் சொன்னாள்.

"பின்னாலயா? சரி. இன்னிக்கு நல்லா நீட்டிப் படுத்திருப்பார்," என்றாள் அம்மா. பிறகு முன்னால் போய்விட்டாள்.

மகள் கடைசி வரிசைக்கு வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அம்மாவின் சீட் காலியாக இருந்தது. சாப்பாட்டு வண்டி வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தாநாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சத்தமில்லாமல் அழுது தீர்த்தாள்.

முன்னால் திரை விலகியது. பழக்கம், அப்பாதான் என்று கண் நிமிர்ந்துவிட்டது.

அம்மா. ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். ஒரு கையில் டிஷ்யூ பொட்டலம். தன் பழைய இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"இதுக்குக் கீழதானா?"

பின்பக்கம் என்பதற்கு மேல் மகளுக்கு ஒன்றும் தெரியாது.

"ஆமாம்மா. நேர் கீழ," என்றாள்.

அம்மா முன்னாலிருந்த பலகையை இறக்கி, பொட்டலத்தை வைத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு ரொட்டி, இன்னும் சூடாக இருந்தது.

"கேக்குதான் குடுத்தாங்க. இனிப்பு இல்லாததாக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்," என்றாள்.

பிறகு டிஷ்யூவை மறுபடி மூடி, ஆறிவிடாதபடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.