முதுகு காட்டாத படகு

என் பல்செட்டைக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, வெறும் ஈறு சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன்: கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய் சொல்வதற்குப் பல் வேண்டும் என்பது என் அனுபவம். முப்பத்தொரு வருடம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மணி அடித்தவன் நான். மணி அடிப்பவன் பொய் சொன்னால் நானூறு பிள்ளைகள் தப்பான நேரத்தில் சாப்பிட்டுவிடுவார்கள். அந்தப் பொறுப்பு இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

அன்று புதன்கிழமை. மதியம் ஒன்றரை மணியை அடித்துவிட்டுத் திரும்புகிறேன், அறிவிப்புப் பலகைக்கு முன்னால் ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். புதன் மதியம் கடைசி இரண்டு பாடவேளையும் சங்கங்களுக்கு. தையல், பாட்டு, விவாதம், தோட்டம், முதலுதவி, சதுரங்கம் என்று ஒவ்வோர் அறையிலும் ஒன்று. நீங்கள் அந்த நேரத்தில் வராந்தாவில் நடந்தால் ஒரு கதவில் தையல் இயந்திரம் கடகடக்கும், அடுத்த கதவில் சுரம் ஏறும், மூன்றாவது கதவில் இரண்டு பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அது விவாதச் சங்கம். 'பேச்சு பெரிதா, செயல் பெரிதா' என்று அவர்கள் ஒரு தடவை ஆரம்பித்தது அடுத்த புதன்கிழமைதான் முடிந்தது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளிக்கப் போய்வந்தார்கள்.

பலகை முன்னால் நின்றவளைப் பள்ளிக்கூடமே 'மிச்சம்' என்று கூப்பிடும். அவள் வகுப்பில் நாற்பத்தோரு பேர். எப்போது ஐந்தைந்து பேராகப் பிரித்தாலும் ஒருத்தி மிஞ்சுவாள், அது இவளாகத்தான் இருக்கும். பலகையில் எல்லாச் சங்கப் பட்டியலிலும் அவள் பெயர் இருந்தது, எல்லாவற்றிலும் சிவப்பு மையால் அடித்திருந்தது. தையலில் முதல் நாளே சட்டைக் கையையும் தன் பாவாடையையும் மேசை விரிப்பையும் ஒரே தையலில் சேர்த்துவிட்டாள். மணி அடித்ததும் எழுந்து நடந்தாள், மேசையும் கூடவே நடந்தது. வாசற்படி வரை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். முதலுதவியில் ஓவிய டீச்சரின் முழங்காலுக்குக் கட்டுப் போட்டாள். கட்டை யாராலும் பிரிக்க முடியவில்லை. டீச்சர் அப்படியே வீட்டுக்குப் போனார். அவருடைய இருபது வருட மூட்டுவலி அன்றோடு ஒழிந்தது என்பதை ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை. பாட்டில் அவளை முதலில் பின்வரிசையில் நிறுத்தினார்கள், பிறகு வராந்தாவில், பிறகு தோட்டத்தில். தோட்டச் சங்கம் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தது.

மறுநாள் அவள் அப்பா வந்தார். ஆணி, தாழ்ப்பாள், பூட்டு விற்கிற கடைக்காரர். தலைமையாசிரியை அறையில் நான் கோப்போடு நின்றிருந்தேன். தலைமையாசிரியையை நாங்கள் 'பெரிய டீச்சர்' என்போம். உயரத்தில் என் தோளுக்குத்தான் வருவார்.

"டீச்சரம்மா, நான் சுத்தி வளைக்கல. மார்க்கு எப்பவும் பார்டர்ல நிக்குது. சங்கத்துலயும் யாரும் சேத்துக்க மாட்டேங்கறாங்களாம். அப்ப இவ இங்க என்னதான் பண்றா?"

"வளர்றா" என்றார் பெரிய டீச்சர்.

"அத வீட்லயே வளந்துக்குவா. எங்க நின்னு வளந்தாலும் அதே உயரந்தான்." அவர் கோபமாகப் பேசவில்லை, எடைபோட்டுப் பேசுகிறவர். "வருஷக் கடைசிக்குள்ள ஒரு சர்டிபிகேட் என் கைக்கு வரணும். எதுக்குன்னாலும் சரி, நான் கேக்க மாட்டேன். வரலன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து கடையில உக்காந்து ஆணி நிறுக்கட்டும்."

அவர் போன பிறகு பார்த்தேன், கதவிடுக்கில் ஒரு ஜடைநுனி தெரிந்தது. கொஞ்ச நேரம் ஆடாமல் இருந்துவிட்டு மறைந்தது.

அந்த வருடம்தான் கணக்கு டீச்சர் புதிதாக வந்து சேர்ந்திருந்தார். ஒல்லியான மனுஷி. மர அளவுகோல் இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போக மாட்டார். யாரும் சீண்டாத ஒரு புத்தகத்தை, பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளின் விதிப்புத்தகத்தை, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். கூடைப்பந்துக்கு இத்தனை பேர், நாடகத்துக்கு இத்தனை பேர் என்று போய், நாலே பேர் போதும் என்றிருந்தது ஒன்றே ஒன்று, படகுப் போட்டி. பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"பெல் அண்ணா, நம்ம ஸ்கூல்ல படகு இருக்கா?"

"இல்ல டீச்சர். பெஞ்சு இருக்கு."

கொஞ்சம் யோசித்தார். "நீளம் எவ்வளவு?" என்றார்.

அப்படித்தான் படகுச் சங்கம் பிறந்தது. மிச்சத்தோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள், எல்லோருமே எங்காவது கழித்துவிடப்பட்டவர்கள். ஒருத்தி ஒட்டடைக்கம்பு. அவள் உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் நிற்கிற உயரம் வரும். ஒருத்தி வெங்கலக்கடை. அவள் ரகசியம் சொன்னால் பக்கத்துத் தெருவில் பதில் வரும். இன்னொருத்தி அப்புறம். எதைச் சொன்னாலும் "அப்புறம் செய்றேன்" என்பதால் அந்தப் பெயர். முந்தைய வருடத்துப் பரீட்சையையே அவள் இன்னும் எழுதி முடித்திருக்கவில்லை.

இடம், பள்ளிக்கூடக் கூடம். வழவழப்பான சிமெண்டுத் தரை. பின்வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, நாலு பேரையும் வரிசையாக உட்காரவைத்து, கையில் ஆளுக்கொரு நீளக் கம்புத் துடைப்பம் கொடுத்தார் கணக்கு டீச்சர். விதிப்புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. அதில் படகு போகிற திசைக்கு எல்லோரும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, துடுப்பைத் தங்கள் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கேதான் ஒரு சிக்கல். எங்கள் கூடத்து மேடையில் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்த அம்மாளின் படம் தொங்குகிறது. அதற்கு முதுகு காட்டி யாரும் உட்காரக் கூடாது. பெரிய டீச்சரே மேடையிலிருந்து பின்பக்கமாகத்தான் படி இறங்குவார். அதனால் இரண்டு தடவை கால் பிசகியிருக்கிறது, விதியை மட்டும் மாற்றவில்லை.

கணக்கு டீச்சர் அரை நிமிடம் கூரையைப் பார்த்தார். "இதுல என்ன இருக்கு? திரும்பி உக்காந்தா திசை மாறும். திசை மாறினா குறி மாறும். இழுக்கறதுக்குப் பதிலா தள்ளணும், அவ்வளவுதான். தள்ளுங்கம்மா."

தள்ளினார்கள். முதல் புதன்கிழமை பெஞ்சு நகரவே இல்லை, துடைப்பங்கள்தான் தேய்ந்தன. இரண்டாவது புதன்கிழமை அரை விரற்கடை நகர்ந்தது. டீச்சர் அளவுகோலை வைத்து அளந்து, கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். மிச்சம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் மறக்க மாட்டேன். சிவப்பு மை இல்லாமல் அவளைப்பற்றி ஒன்று எழுதப்பட்டது அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து தினமும் வந்தாள். காலையில் நான் கூடத்தைத் திறப்பதற்குள் வாசலில் நிற்பாள். மூன்றாம் மாதம் பின்வாசலிலிருந்து மேடைக்கு ஒரு பாடவேளையில் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்தாம் மாதம் நான் நாலு மணியின் முதல் அடியை அடிக்கும்போது கிளம்பி, நாலாவது அடி அடிப்பதற்குள் மேடையில் போய் டமாலென்று முட்டினார்கள். பெஞ்சின் கால்கள் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் அதைப் பலகை என்றுதான் சொல்ல வேண்டும்.

பாட்டுச் சங்கத்துக்கு அந்தக் கூடத்தின்மேல் ஒரு கண். போய் முறையிட்டார்கள். பெரிய டீச்சர் ஒரு புதன்கிழமை விறுவிறுவென்று வந்தார். "இது சங்கமா, கூட்டிப் பெருக்கற வேலையா? இன்னையோட மூடிடலாம்" என்று சொல்லிக்கொண்டே, நின்றபடி கையெழுத்துப் போட வராததால் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து, சங்கப் பதிவேட்டை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தார். மிச்சம் மற்ற மூவரையும் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்புறம் "இப்பவே" என்றாள்.

பெரிய டீச்சரின் செருப்பு இரண்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றன, அவர் மட்டும் மேடையடியில் இருந்தார். மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டார்.

"ம்... சங்கந்தான்" என்று சொல்லி, 'அனுமதி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு, "இன்னொரு தடவ போகலாமா?" என்றார்.

போட்டி நாள் வந்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் ஒரு பெரிய ஏரி. ஏழு பள்ளிக்கூடங்கள், ஏழு படகுகள். மற்ற பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை என்று பால்புட்டி வரிசைபோல நின்றார்கள். எங்கள் நாலு பேரும் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள், உள்ளங்கை மட்டும் செருப்புத் தோல் மாதிரி. கரையில் கூட்டத்துக்கு நடுவே ஆணிக் கடைக்காரர் நின்றார். அந்தக் கடை வேலைநாளில் மூடிக் கிடந்தது அன்றைக்குத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மிச்சம் அவரைப் பார்த்தாள். பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டாள்.

நாலு பேரும் படகில் ஏறினார்கள். வழக்கப்படி முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். கரையே சிரித்தது. ஊதல் வைத்திருந்த அதிகாரி ஓடிவந்தார்.

"பாப்பா, அப்படி இல்லம்மா. முதுக அந்தப் பக்கம் காட்டித் திரும்பி உக்காரணும்."

"எங்க ஸ்கூல்ல எதுக்கும் முதுகு காட்டக் கூடாது சார்" என்றாள் மிச்சம்.

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கணக்கு டீச்சர் பின்னாலிருந்து, "நாப்பத்தேழாம் பக்கம், எப்படி உக்காரணும்னு ஒண்ணும் போடல, நான் பாத்துட்டேன்" என்றார். அதிகாரி ஊதலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊதல் கேட்டது. சிமெண்டுத் தரையைத் தள்ளிப் பழகிய கைக்குத் தண்ணீர் எம்மாத்திரம்? முதல் தள்ளில் படகு தண்ணீரை விட்டு எழும்பிற்று. அடியில் இரண்டு மீன்கள் இது என்ன என்று தலையைத் தூக்கிப் பார்த்தன. அந்த நேரம் பார்த்து ஏரிமேல் பனிமூட்டம் இறங்கியது. ஒவ்வொரு படகிலும் நாலு பேர்தான், வழி சொல்லத் தனியாக ஆள் கிடையாது. மற்ற ஆறு படகிலும் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு படகுகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. ஒன்று நாணலுக்குள் போய் ஒரு கொக்கிடம் மன்னிப்புக் கேட்டது. இன்னொன்று முழு வேகத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, முதலிடம் தங்களுக்குத்தான் என்று வாதிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு எல்லைக்கொடி நேர் எதிரே மங்கலாகத் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து "தள்ளு! தள்ளு!" என்று வெங்கலக்கடையின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது, பிறகு அதையும் மிஞ்சிக்கொண்டு மிச்சத்தின் குரல். தோட்டத்துக்கு விரட்டப்பட்ட அதே குரல். கரையில் நின்ற பாட்டு டீச்சர் என் காதோரம், "சுருதி சுத்தமா இருக்கே" என்றார்.

கொடியைத் தாண்டியபோது இரண்டாவது படகு கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புறப்படக் கற்றுக்கொண்டார்களே தவிர, நிற்க யாரும் சொல்லித்தரவில்லை. கூடத்தில் அந்த வேலையை மேடை பார்த்துக்கொண்டது. படகு கரையேறியது, புல்லில் ஓடியது, ஐஸ் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், பரிசளிப்பு மேடையில் டமாலென்று முட்டி நின்றது. மேடைமேல் தலைமை விருந்தினர், ஒரு கண் டாக்டர், கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு என்ன செய்வதென்று தோன்றவில்லை. குனிந்து அதை மிச்சத்தின் கையில் கொடுத்துவிட்டார். நான் பள்ளிக்கூட மணியைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அன்று அடித்த அடியில் மூன்று ஊர்ப் பிள்ளைகள் பள்ளி விட்டது என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கூட்டம் கலைந்தபின் மிச்சம் தன் அப்பாவிடம் போய், கோப்பையோடு கொடுத்த சான்றிதழை நீட்டினாள். அவர் அதை வாங்கி, வெளிச்சத்துக்குத் தூக்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அவள் பெயர் அச்சில் இருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவினார்.

"எதுக்குன்னு கேக்க மாட்டேன்னு சொன்னேன்ல? கேக்கல" என்றார். "அந்தப் பனியில பயமா இல்லையாம்மா?"

"முன்னாடி பாத்துத்தானேப்பா உக்காந்திருந்தேன்."

"ம். அடுத்த வருஷம் ஸ்கூல்ல என்ன செய்யப்போற?"

"நீச்சல்பா. எங்க நாலு பேருக்கும் அது இன்னும் வராது."

அவர் சட்டென்று ஏரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பிறகு ஈரம் சொட்டச் சொட்ட நின்ற அவள் தலையைத் தன் தோள்துண்டால் துவட்டத் தொடங்கினார், சான்றிதழைப் பல்லில் கடித்துக்கொண்டு.

அந்த ஏரி வற்றி அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. என் பல்செட் இன்னும் தம்ளரில்தான் கிடக்கிறது.