ஓய்வுநாளுக்கு மறுநாள்

எங்கள் பண்ணைக்கும் வீபே போஸ்ட்மாவின் பண்ணைக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். வடமேற்கு அயோவாவில் எங்கள் பக்கத்தில் எல்லோருமே ஹாலந்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், எல்லோருமே ஞாயிறன்று இரண்டு வேளை ஆராதனைக்குப் போகிறவர்கள். அப்படிப்பட்ட ஊரிலேயே வீபேயைத்தான் பக்திமான் என்று தனியாகச் சொல்வார்கள். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டில் மறுநாளைய உருளைக்கிழங்கு தோல் சீவித் தண்ணீரில் கிடக்கும். மாட்டுக்குப் பால் கறப்பதும் பன்றிக்குத் தீனி வைப்பதும் தவிர, ஞாயிறு கர்த்தரின் ஓய்வுநாள் என்று அன்றைக்கு ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம், முடிந்ததும் வேதத்தில் ஓர் அதிகாரம், மறுபடி ஜெபம்.

"எங்க வீட்ல நாக்கு சுட்டுக்கிட்டவங்களே கிடையாது. வீபே ஆமென் சொல்றதுக்குள்ள சூப்பு ஆறிடும்" என்று அவர் மனைவி ட்ரீனா சொல்லிச் சிரிப்பார்.

அவர்களுக்குப் பிள்ளை தங்காமல் போய்ப் போய், கடைசியில் பிறந்தவன் லாம்பர்ட். அவன் கொரியாவில் சண்டைக்குப் போயிருந்த காலமெல்லாம் வீபே ஒரு வேளை தவறாமல் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அவன் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தான். "கேட்டேன், குடுத்தார்" என்று ஆலய வாசலில் எங்கள் எல்லோரிடமும் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, கேட்டால் எதுவும் கிடைக்கும் என்றுதான் தோன்றியிருக்கும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மோசமான இலையுதிர்காலம். அக்டோபர் முழுக்க மழை. மக்காச்சோளம் முற்றி நிற்கிறது, வயலில் டிராக்டரை இறக்கினால் அச்சு வரை புதைகிறது. மாதக் கடைசியில் ஒரு வாரம் காற்றடித்துக் கதிரெல்லாம் காய்ந்தது. சனிக்கிழமை இராத்திரி நல்ல குளிர் விழுந்து தரை இறுகிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை பெரும் பனி என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கையில் இருந்தது அந்த ஒரு ஞாயிறு மட்டும்தான்.

காலை ஆராதனையில் போதகர் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தினார். "ஓய்வுநாள்ல கிணத்துல விழுந்த எருதைத் தூக்கலாம்னு ஆண்டவரே சொல்லியிருக்கார். வீட்டுக்குப் போய் உங்க சோளத்தை எடுங்க. மனசு உறுத்தினா என் மேல பாரத்தைப் போடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் லாம்பர்ட் அப்பாவைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, பாஸ்டரே சொல்லிட்டார்."

"பாஸ்டர் சொன்னார். கர்த்தர் சொன்னாரா?"

"நாளைக்குப் பனி கொட்டப் போகுதுப்பா."

"கொரியாவுல உன் தலைக்கு மேல குண்டு கொட்டினப்போ காப்பாத்தினவருக்கு, நம்ம சோளத்தைக் காப்பாத்தத் தெரியாதா?"

லாம்பர்ட் சிரித்துவிட்டான். "குண்டு போட்டவனுக்குக் குறி தப்புச்சு. பனிக்கு ஏதுப்பா குறி?"

 அப்பாவுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டான். அன்று மத்தியானம் சுற்றுவட்டாரம் முழுக்க இயந்திரங்கள் இரைந்தன. என் வயலையும் நான் முடித்தேன். போஸ்ட்மா வீட்டில் மட்டும் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. மாலை ஆராதனைக்கு மூவரும் போய் வந்தார்கள்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே பனி தொடங்கிவிட்டது. ஈரப் பனி. அப்பாவும் மகனும் அதிலேயே டிராக்டரில் மாட்டிய அறுவடை இயந்திரத்தை இறக்கினார்கள். நனைந்த சோளத்தட்டையும் பனிக்கட்டியும் சேர்ந்து, கதிர் பறிக்கும் உருளைகள் நாலடிக்கு ஒரு தரம் அடைத்துக்கொண்டன. என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் அடைப்பை எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குளிரில் நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்ற பயத்தில் யாரும் நிறுத்துவதில்லை. லாம்பர்டும் நிறுத்தவில்லை.

நான் தொழுவத்தில் இருந்தேன். டிராக்டர் சத்தம் நகராமல் ஒரே இடத்தில் கேட்டது, பிறகு நின்றுபோனது. அதற்கப்புறம் வீபேயின் கூக்குரல். வேலியைத் தாண்டி ஓடினேன். உருளைகள் லாம்பர்டின் கையைத் தோள் வரை இழுத்திருந்தன. வீபே அவன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டிருந்தார்.

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்றார் என்னைப் பார்த்து. "கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

ஸ்பானரை வைத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன். அவனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

அடக்கம் முடிந்த அன்று நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம். சாப்பிட்டதும் வழக்கம்போல வீபே வேதத்தை எடுத்தார். ட்ரீனா எழுந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை தரை கல்லு மாதிரி இருந்துச்சு வீபே. சோளம் காஞ்சு நின்னுச்சு. மெஷின் ஒரு தடவைகூட அடைச்சிருக்காது."

"ட்ரீனா, அவரோட சித்தம்..."

"அவரோடது இல்ல. உன்னோடது."

தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

அதன் பிறகும் அவர்கள் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ட்ரீனா சமைத்தார், துவைத்தார், ஆலயத்தில் புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஆனால் வேதம் திறந்தால் எழுந்து போய்விடுவார், குழாய்ச் சத்தம் கேட்கும். வீபே அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஆளில்லாத மேஜைக்கு அதிகாரம் முழுவதையும் வாசிப்பார். வருடக்கணக்கில் இப்படியே நடந்தது. எதற்காவது மத்தியானத்தில் அங்கே போனால், வாசிப்பு முடியும் வரை நான் வெளியிலேயே நின்றுகொள்வேன்.

ஒரு நாள் வேலிக்குப் புதுக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தோம். "இன்னும் ஜெபம் பண்றீங்களா வீபே?" என்று கேட்டேன்.

"வேளாவேளைக்குப் பண்றேன். முன்னெல்லாம் எதிர்ல ஒருத்தர் உக்காந்து கேக்கற மாதிரி இருக்கும். இப்போ காலி ரூம்ல பேசற மாதிரி இருக்கு."

"அப்புறம் எதுக்கு?"

கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "இப்போ நிறுத்தினேன்னா, அவன் எதுக்குடா செத்தான்?"

நான் கம்பியின் மறுமுனையை இழுத்துப் பிடித்தேன். 

பிறகு அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. நிலத்தை என் பொறுப்பில் விட்டுவிட்டு முன்னறைக் கட்டிலில் படுத்தார். ட்ரீனா ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டார். கண் மங்கி எழுத்துத் தெரியாமல் போனபோது வீபே அவரிடம் கேட்டார்: "வேதத்துலேருந்து ஒரே ஒரு சங்கீதம் வாசி ட்ரீனா. எது வேணா."

ட்ரீனா கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். பிறகு மூடி வைத்தார்.

"என்னால முடியல வீபே. வாசிச்சா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"சரி" என்றார் அவர். ட்ரீனா துணியை நனைத்து அவர் உதட்டைத் துடைத்தார்.

மறுநாள் காலை நான் போனபோது, "தரை காஞ்சிருச்சா?" என்று என்னைக் கேட்டார். காய்ந்துவிட்டது, விதைக்க ஆரம்பித்துவிட்டேன் என்றேன். தலையசைத்தார். கடவுளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

புதுப் போதகர் இளைஞர். அடக்கத்துக்கு முன்னால் ட்ரீனா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "லாம்பர்டோட போய்ச் சேந்துட்டார்னு மட்டும் சொல்லாதீங்க, பாஸ்டர்." சொல்ல மாட்டேன் என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் கல்லறையில் ஜெபம் நீண்டது, பழக்கத்தில் வாய் அதைச் சொல்லிவிட்டது: தகப்பனும் மகனும் இன்று ஒரே மேஜையில். ட்ரீனா கையுறையை மாட்டிக்கொண்டு, ஜெபம் முடியுமுன்பே காரை நோக்கி நடந்தார்.

ஆலயத்தின் கீழ்த்தளத்தில் ரொட்டியும் பன்றி இறைச்சியும் காபியும் வைத்திருந்தார்கள். அன்று நல்ல வெயில். எல்லோருக்கும் விதைப்பு பாதியில் நின்றிருந்தது. காபியைக் குடித்துவிட்டு அவரவர் வயலுக்குப் போனார்கள். நானும் போனேன்.