வறண்ட கான்

இரண்டு நாள் கொட்டிய மழை ஓய்ந்திருந்தது. ஆனாலும் காட்சிமேடைக்கு மேலே மலையை அறுத்துச் செல்லும், மழைநீர் வடியும் கானில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஓடவில்லை. ஜீவராணி குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இருந்தது, ஓட்டம் இல்லை.

நீர்வீழ்ச்சியைப் பார்ப்பதற்கென்று பிரதேச சபை கட்டிய மேடை அது. அன்று பத்து மணிக்குத் திறப்புவிழா. தோட்டத்துப் பெண்கள் எட்டுப் பேருக்கு அங்கே வேலை. அதற்காக ஆறு மாதம் சிங்களமும் ஆங்கிலமும் படித்து, பதினாறு ஆண்டு கொழுந்தெடுத்த தோட்டத்துப் பதிவேட்டில் தன் பெயரை வெட்டிக்கொண்டு வந்தவள் ஜீவராணி. வாயிற்கதவின் சாவி நேற்றிலிருந்து அவள் இடுப்பில் இருந்தது.

சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் விஜிதரன் கதவில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்.

"சேர், மேல்கான் காஞ்சு கெடக்கு."

"நல்லதுதானே. ரோட்டுக்குத் தண்ணி வராது."

"ரெண்டு நாளா பேஞ்ச மழை எங்க சேர் போச்சு?"

"தண்ணி ஓடினாலும் குத்தம், ஓடலேன்னாலும் குத்தமா?" அவர் முடிச்சை இறுக்கினார். "சேவைப் பெண்கள் வரவேற்புக்கு நிக்கணும். போய்ச் சாரியை மாத்துங்க."

அவள் சேலை மாற்றப் போகவில்லை; குடையை எடுத்துக்கொண்டு கானின் வழியே மேலே ஏறினாள். தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில் கானின் அடித்தரை பிளந்திருந்தது. நாலு விரற்கடை அகலம், புல் மூடியிருந்ததால் நடப்பவர் கண்ணில் படாது. குடையின் நுனியை உள்ளே விட்டாள். கைப்பிடிவரை இறங்கிற்று, தரை தட்டவில்லை. வந்த தண்ணீர் முழுவதையும் மலை குடித்திருக்கிறது.

கீழே வந்தபோது ஒன்பதே முக்கால். கடைத்தட்டில் தேயிலைப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்த நிஷாந்தி, அவள் முகத்தைப் பார்த்தவுடன் கையை நிறுத்தினாள்.

"அக்கா, ஒன்னும் சொல்லிப்புடாதீங்க. இந்த வருசத்துக்குள்ள தெறக்கலேன்னா காசு திரும்பிப் போயிருமாம். சேர்தான் சொன்னாரு."

"மேல வெடிச்சிருக்குடி. மலை சரிஞ்சா மேடைமேலதான் வரும்."

"வெடிச்சா வெடிக்கட்டும். இன்னைக்கு மட்டும் தெறக்கட்டும். நாளைக்குச் சொல்லுங்க."

"இன்னைக்குத்தான்டி எரநூறு பேரு மேடையில நிப்பாங்க."

"நல்லவங்க நீங்க. எங்க புள்ளைகளுக்கும் நீங்களே வந்து சோறு போடுங்க."

ஜீவராணி கதவுக்குப் போனாள். ரிப்பனுக்குப் பின்னால் கையை நுழைத்து, கதவின் கொண்டியில் பூட்டைப் போட்டாள். 'டக்' என்ற சத்தத்திற்கு விஜிதரன் திரும்பினார்.

"என்ன இது? சாவியைக் குடுங்க."

"தலைவர் வரட்டும் சேர். அவருகிட்டயே குடுக்குறேன்."

"வேலை போயிரும் தெரியும்தானே?"

"தெரியும் சேர்."

சபைத் தலைவரான தவிசாளரின் வாகனம் சரியாகப் பத்து மணிக்கு வந்தது. மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். பூட்டைக் கண்டு ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். எல்லாருடைய பார்வையும் சாவியின்மேல் இருந்தது.

"ஐயா, பூட்டினது நான்தாங்க," என்றாள் ஜீவராணி. "மேல வந்து ஒரு எடத்தைப் பாத்துட்டு என்ன வேணும்னாலும் செய்யுங்க."

தவிசாளர் தம் காலிலிருந்த வெள்ளைச் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு விஜிதரனைப் பார்த்தார். விஜிதரன் ரிப்பனைப் பார்த்தார். மூவரும் ஏறினார்கள். வழியில் நட்டிருந்த கொடிக்கம்பு ஒன்றைத் தவிசாளரே பிடுங்கிக்கொண்டார், ஏறுவதற்கு ஊன்றுகோலாக.

வெடிப்பின் வாயில் ஜீவராணி புல்லை விலக்கினாள். அவர் கம்பை இறக்கினார். அவர் உயரத்துக் கம்பு, கொடி மண்ணைத் தொடும்வரை சென்றது. கையை விட்டார், பிளவில் சிக்கிய கம்பு நின்ற இடத்திலேயே நின்றது.

"மிஸ்டர் விஜிதரன்," என்றார் தவிசாளர், "ரிப்பனைக் கழட்டுங்க."

கீழே, பொட்டலங்கள் மீண்டும் பெட்டிக்குள் போயின. நிஷாந்தி அவளைத் திரும்பிப் பாராமல் மற்ற ஆறு பேரோடும் லயக் குடியிருப்புப் பாதையில் நடந்தாள். மழை மறுபடி தூறத் தொடங்கியது. வருகிறவர்களைத் திருப்பியனுப்ப யாராவது ஒருவர் வாசலில் நிற்க வேண்டும் என்றார் விஜிதரன். சம்பளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜீவராணி நின்றாள்.

தலவாக்கலைப் பக்கமிருந்து முதல் வேன் வந்து நின்றது. வெளிநாட்டுப் பெண்ணொருத்தி கண்ணாடியை இறக்கிச் சிரித்தாள். ஆறு மாதப் படிப்பில் வரவேற்கும் வாக்கியங்கள் பதினைந்து இருந்தன. திரும்பிப் போகச் சொல்லும் வாக்கியம் ஒன்றும் இல்லை. ஜீவராணி குடையை மடக்கி, இரண்டு கைகளையும் விரித்து, பாதையை மறித்து நின்றாள்.