மகாராணி நொண்டவில்லை

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் எதற்கு இருக்கிறதோ தெரியவில்லை. வெளியே மழையா என்று கேட்டால் ஜன்னலைத் திறக்காமல் போனைத் திறக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் தன் நாய்க்குப் பசிக்கிறதா என்றுகூடப் போனிடம்தான் கேட்கிறான். என் மருமகளும் அந்தக் கூட்டம்தான் என்று நினைத்திருந்தேன். அதனால், "மாமா, மகாராணி நொண்டுது" என்று அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகாராணி என் வாத்து. பத்து வயது. வாத்துக்கு அது தள்ளாத வயது. கூட ஒரு கிழட்டு ஆண் வாத்தும் உண்டு. ஒரு வேலையும் செய்யாமல் தொண்டை கட்டின குரலில் எல்லோரையும் அதட்டுவதால் அவனுக்கு மேனேஜர் என்று பெயர். காலையில் நான் கொல்லைக்கதவைத் திறந்தால் என் மூஞ்சியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே ஜீவன் மகாராணிதான். அவளுக்கு ஒன்று என்றால் எனக்குத் தாங்காது. அதனாலேயே நம்ப மனசு வரவில்லை.

போய்ப் பார்த்தேன். கழுத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"எங்க நொண்டுது? சிப்பாய் மாதிரி நடக்குது!"

"நீங்க பாக்கும்போது நொண்டாது மாமா. நான் பாத்திரம் கழுவுற ஜன்னல்லேருந்து தினம் பாக்கறேன். தீனி வெச்சா கடைசியா வருது. இறகைக் கோதறதே இல்ல."

"வயசாயிடுச்சு. எனக்குந்தான் முட்டி வலிக்குது. என்னை டாக்டர்கிட்ட காட்டினியா?"

"கூப்பிட்டா நீங்க எங்க வர்றீங்க? நீங்களும் இதே ரகம்தான். ஆள் வந்தா நிமிர்ந்து நிக்கிறீங்க."

வாய் ரொம்ப நீளம்.

மறுநாள் தீனி வைத்தேன். உள்ளே போகிறவன் மாதிரி கதவைப் படாரென்று சாத்திவிட்டு, கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மகாராணி கதவையே பார்த்தாள். நான் இல்லை என்று தெரிந்ததும் அவள் கழுத்து அப்படியே உள்ளே போனது. இறகெல்லாம் உப்பிக்கொண்டது. வலது காலைத் தூக்கி, ஒரு எட்டு தத்தி, தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். தீனி முழுவதையும் மேனேஜர் காலி செய்தான். போர்வை காற்றில் விலகியதும் என்னைப் பார்த்துவிட்டாள். உடனே எழுந்து விறைப்பாக நின்றாள், திருட்டுக் கழுதை!

அன்றைக்கே நானும் மருமகளும் மகாராணியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை டாக்டர் சின்னப் பெண். மகாராணியின் நெஞ்சைத் தடவி, "எலும்பு துருத்துது, இளைச்சிருக்கு" என்றாள். பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். அடியில் கறுப்பாகப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம்.

"நிக்கிற இடம் என்ன தரை?"

"சிமெண்ட். எலி தோண்டக் கூடாதுன்னு நான்தான் போட்டேன்."

"அதுதான் காலைத் தின்னிருக்கு. நல்லவேளை, சீழ் எலும்புக்கு இறங்கல. யார் கவனிச்சது?"

"நாங்கதான்" என்றேன். மருமகள் கூரையைப் பார்த்தாள்.

"ஏம்மா, என்கிட்ட ஏன் மறைக்குது?"

"சீக்குன்னு தெரிஞ்சா நரி தூக்கிட்டுப் போயிடும்னு பறவைங்களுக்கு பயம்."

"நான் நரியா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் தினமும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். மகாராணியை நான் மடியில் பிடித்துக்கொள்ள, மருமகள் காலை நனைத்து, துடைத்து, களிம்பு போட்டுத் துணி சுற்றுவாள். களிம்பு கெட்டுப்போயிருக்கிறதா என்று முகர்ந்து பார்க்காமல் நான் விட்டதில்லை. சிமெண்ட் மேல் கனமாக வைக்கோல் பரப்பினேன். பொருக்கு விழுந்தது. வீக்கம் வற்றியது.

இன்று காலை தீனித் தட்டைக் கீழே வைப்பதற்குள் மேனேஜரை இடித்துத் தள்ளிவிட்டு மகாராணி முதலில் ஓடி வந்தாள்.

"பாத்தீங்களா? சரியாயிடுச்சு. இனிமேலாவது நான் சொன்னா நம்புங்க மாமா" என்றாள் மருமகள்.

"நான் இருக்கேன்னு நடிக்கிறாளோ என்னமோ."

கதவைப் படாரென்று சாத்திவிட்டு, கொடியில் கிடந்த போர்வைக்குப் பின்னால் போய் நின்றேன்.