இடுப்புவலிச் சீட்டு

புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவருக்கு எந்த நோய் வந்தாலும் அதற்குப் பெயர் இடுப்புவலிதான். என் வீட்டுக்காரர் வேல்பாண்டிக்கும் அதையே சொன்னோம். அவர் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பிள்ளை கூப்பிட்டால்கூடத் திரும்பவில்லை. போன வாரம் கிணற்றடியில் வெறித்து நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

இடுப்புவலி என்றே சொல்ல வேண்டும் என்று அவருடைய அண்ணன் கருத்தையாதான் பிடிவாதமாக இருந்தார். "மனசு சரியில்லைன்னு லீவுச் சீட்டுல ஏறுச்சுன்னா, நம்ம ரோகிணிய எவன் கட்டுவான்?" ரோகிணி அவர்களுடைய கடைசித் தங்கை. நானும் வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முதல் சீட்டு இடுப்புவலி என்றே கிடைத்தது. விடுப்பை நீட்டிக்க அவரோடு நானும் கருத்தையாவும் போனபோது டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார்.

"எலும்பு நல்லா இருக்கே. எங்க, குனிங்க பாப்போம்."

ஆலைத் தொழிலாளி வேறு யாராக இருந்தாலும் பாதியிலேயே 'அம்மா' என்று அலறியிருப்பார். இவர் பாட்டுக்குக் குனிந்து தரையைத் தொட்டார். நடிக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"திங்கக்கிழமை வேலைக்குப் போகலாம்" என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

திங்கட்கிழமை போனால் மனிதர் உயிரோடு திரும்புவாரா? நான் பேனாவுக்குக் குறுக்கே கையை நீட்டினேன்.

"எழுதாதீக டாக்டரம்மா. இடுப்புவலி நாங்க சொன்ன பொய்யி. இவுகளுக்கு மனசுலதான் நோவு."

"ஏய் செந்தாமரை, வெளிய வா" என்று கருத்தையா பல்லைக் கடித்தார்.

"சொல்லிட்டுத்தான் வருவேன்." கிணற்றடி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "மொதல்லயே சொல்றதுக்கென்ன? மனச்சோர்வும் நோய்தாம்மா. அதுக்கும் சட்டப்படி லீவு உண்டு, லீவுக்குப் பணமும் உண்டு." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க, என்ன செய்யுது?"

"இடுப்புல ஒண்ணுமில்ல டாக்டரம்மா" என்றார் அவர். "விடிஞ்சாலே பயமா இருக்கு. செத்துரலாம்னு தோணுது."

இரண்டு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் அழுதேன், ஆனால் பிடித்திருந்த அவர் கையை விடவில்லை.

நோயின் பெயரை எழுதிப் புதுச் சீட்டு தந்தார்கள். மறுநாளே சிவகங்கையில் மனநல மருத்துவரைப் பார்க்கவும் கடிதம் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் கருத்தையா சீட்டை வாங்கி நாலாக மடித்தார்.

"ஊருக்குள்ள இடுப்புன்னே சொல்லிக்கிருவோம்டா."

வேல்பாண்டி கையை நீட்டிச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"உள்ளதையே சொல்லுண்ணே. பொய்யையும் சேத்துத் தூக்க எனக்குத் தெம்பில்ல."