அம்மாவின் குரலும் பதினாறாம் பதிப்பும்

என் அண்ணனுக்கு எதுவும் பழசாக இருக்கக் கூடாது. திரையில் ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது’ என்று பார்த்துவிட்டால் போதும், கை சும்மா இருக்காது.

அன்று மத்தியானம் என் ஆபீசுக்குப் போன் செய்தான். "அம்மா குரலை அழிச்சிட்டேன்."

தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அம்மா நானூறு வாக்கியங்களைப் பேசிப் பதிந்து வைத்திருந்தாள். பாதிக்கு மேல் திட்டு. லேப்டாப் திரையில் பொத்தானைத் தொட்டால் அவை ஒலிக்கும்படி நான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பேசுவதெல்லாம் அதில்தான். இனி புதிதாக ஒரு சொல்கூடப் பதிய முடியாது.

போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினேன். லேப்டாப்பில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா பண்ணே?"

"உன் புரோகிராமை ஓட்டுற நோடு சாஃப்ட்வேர் ரொம்பப் பழசா இருந்துச்சு. புதுசு போட்டு, புரோகிராமையும் திரும்ப இன்ஸ்டால் பண்ணேன். ஒண்ணுமே தடுக்கலையே!"

தடுத்திருக்க வேண்டும். எந்தெந்த நோடு பதிப்பில் ஓடும் என்று புரோகிராமின் பேக்கேஜ் ஃபைலில் எழுதி, மற்றதை ஏற்காதே என்றும் சொல்லிவைத்தால், இன்ஸ்டால் அங்கேயே நின்றுவிடும். ஆபீசில் அதை எழுதாமல் அனுப்புகிறவர்களைக் காய்ச்சி எடுப்பவள் நான். நம் வீட்டுக்குத்தானே என்று இதில் விட்டுவிட்டேன்.

முதலில் ஒலிப்பதிவுகளைத் தேடினேன். நானூறும் பத்திரமாக இருந்தன. ஒலியை இயக்கும் பகுதிதான் புது நோடோடு ஒத்துப்போகவில்லை. நோடின் பழைய பதினாறாம் பதிப்பையே போட்டேன். ‘பதினான்கிலிருந்து பதினாறு வரை மட்டும்’ என்ற கணக்கில் ஃபைலிலும் எழுதினேன்.

"தப்பு என்னுதுண்ணா."

அவன் காதில் விழவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றான்.

திரையில் பொத்தான்கள் திரும்ப வந்தன. அண்ணனுக்குச் செம டோஸ் இருக்கிறது என்று நினைத்தேன். அம்மா நிதானமாகத் தேடி ஒன்றைத் தொட்டாள்.

"அழாதடா கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன்."

அதைப் பதியும்போது, "நாங்க என்ன குழந்தையாம்மா?" என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

நாற்பத்தாறு வயது ஆள், அவள் மடியில் முகம் புதைத்து ஓவென்று அழுதான். அம்மா ஒரு கையால் அவன் தலையைத் தடவிக்கொண்டே, மறு கையால் அதே பொத்தானை மறுபடி தொட்டாள்.