பதினெட்டு மணி நேரம் ஊறிய கல்

குடுவையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறியவளை நாத்தனார் பாதியில் மறித்தாள்.

"அண்ணி, டாக்டர் கைய விரிச்சிட்டாரு. இன்னிக்குப் பொழுது தாண்டறதே கஷ்டமாம். அண்ணன் கேட்டா, சூளைக் கல்லு தேறிடுச்சுன்னு சொல்லிடுங்க. ஒரு பொய்யில என்ன குறைஞ்சிடப் போவுது?"

பக்கத்தில் பூங்கொத்தோடு, அவளும் கணவரும் வேலை பார்க்கும் செங்கல் ஆலையின் மேலாளர். மூச்சு விட்டாலே முன்னுரை போலிருக்கும் மனிதர். "ஒரு சாதனையாளர் வெற்றியோடு விடைபெறட்டும், அம்மா" என்றார்.

முலாம் பூசும் ஆலைகளின் கழிவுச் சேற்றில் குரோமியம் இருக்கும். சேற்றைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டு, அந்த விஷம் வெளியே வராதபடி செங்கல்லுக்குள் பூட்டுவது அவள் கணவரின் வேலை. அதே கல்லை உடைத்து, அமில நீரில் பதினெட்டு மணி நேரம் ஊறப்போட்டு, பூட்டு நிற்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. நீர் மஞ்சளானால் கல் தோற்றது. ஆய்வுக்கூடச் சுவரெல்லாம் புகையேறிக் கிடந்ததால், குடுவையை அவருடைய வெள்ளைச் சட்டைக்கு நேரே பிடித்துத்தான் நிறம் பார்ப்பாள்.

"அசையாம நில்லுங்க."

"கட்டின நாள்லேருந்து அப்படித்தானே நிக்கறேன்? வெள்ளச் சட்டைக்குக் கறுப்பு நூல்ல பொத்தான் தச்சிருக்கியே, அதையும் கொஞ்சம் பாரு."

இருபத்திரண்டு வருடத்தில் நாற்பது தடவையாவது அவரைத் தோற்கடித்திருப்பாள். ஒருமுறைகூடத் தயவு காட்டியதில்லை. அவரும் அதற்காக ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டதில்லை.

அறைக்குள் நுழைந்ததும் கண்ணைத் திறந்தார். "என்ன வாத்தியாரம்மா, ஊறிடுச்சா?"

நாத்தனார் அவள் முழங்கையைக் கிள்ளினாள். மேலாளர் தொண்டையைச் செருமினார்.

அவள் குடுவையை எடுத்துத் தலையணை உறைக்கு நேரே பிடித்தாள். எலுமிச்சைத் தோலின் நிறம்.

"கசியுதுங்க."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று நாளாக மருந்துக்கும் மலராத அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"நெனச்சேன். சூளைக்குள்ள காத்து அதிகமாப் போயிருக்கு. உச்சச் சூட்டுக்கு முன்னாடியே துவாரத்த அடைச்சிருக்கணும். அடுத்த தடவை... நீயே அடைச்சிடு."

"அடைச்சிடறேன்."

"தேறிடுச்சுன்னு சொல்லச் சொன்னாங்களா?"

"ஆமா."

"நீ மட்டும் அப்படிச் சொல்லியிருந்தா..." மூச்சு வாங்கினார். "செத்தே போயிட்டேன்னு முடிவு பண்ணியிருப்பேன்."

மேலாளர் பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு, அவள் கைக்குள் இருந்தபடியே அவர் விரல்கள் குளிர்ந்தன.

மறுநாள் அடக்கத்தின்போது மேலாளர், "தோல்வி என்ற சொல்லையே அறியாதவர்" என்று முழங்கினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து மேலாளர் இன்னும் பத்து நிமிடம் நீட்டினார். அவர் முடித்த பிறகும் அவள் கைக்குட்டையை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் வேலைக்குப் போனாள். சூளையின் துவாரத்தை அவர் சொன்ன நேரத்தில் தன் கையாலேயே அடைத்தாள். கல் ஆறும்வரை காத்திருந்து, உடைத்து, ஊறப்போட்டாள். பதினெட்டு மணி நேரம் கழித்துக் குடுவையைத் தூக்கினாள்.

சுவரைப் பார்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்கிய அவருடைய வேலைச் சட்டைக்கு முன்னால் போய் நின்றாள். ஜன்னல் காற்றில் அது ஆடியது.

"அசையாம நில்லுங்க" என்று அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீருக்குப் பின்னால் சட்டை வெள்ளையாகவே இருந்தது. பொத்தானில் அந்தக் கறுப்பு நூல், இழை இழையாகத் தெரிந்தது.